புதுவையில் பாடநூலை யார் முடிவு செய்தது?

கல்லூரிப் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு தாளுக்கும் அடியில் இரண்டு மூன்று புத்தகங்களின் பெயர் அச்சாகியிருக்கும். அலகுகளைப் பற்றி நீண்ட விவாதம் நடக்கும். அந்தக் கடைசி வரிகள் பெரும்பாலும் பழைய பட்டியலிலிருந்து அப்படியே ஏறிவிடும். லினக்ஸ் இயங்குதளத்தின் தொடக்கப் பாடத்துக்கு எந்தப் புத்தகத்தை வைப்பது என்ற கேள்வியும் அதனால்தான் சின்ன விஷயமாகத் தெரிகிறது. புதுச்சேரியில் அதைக் கேட்டால், கேள்வி இருநூறு ஆண்டுப் பழக்கம் ஒன்றில் போய் முட்டும். இந்த ஊருக்குத் தேர்வு எங்கிருந்து வந்ததோ, பாடநூலும் அங்கிருந்தே வந்திருக்கிறது. அச்சகமும் நூலகமும் புலவர்களும் ஊருக்குள் இருந்த காலத்திலும் அப்படித்தான். தேர்வின் பிடி எட்டாத இடங்களில் மட்டும் ஊர் தனக்கு வேண்டிய புத்தகத்தைத் தானே செய்துகொண்டது. லினக்ஸ் அப்படிப்பட்ட ஓர் இடம், அதை நழுவவிடக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

ஆங்கிலேயர் 1816இல் ஊரைத் திருப்பிக் கொடுத்த பிறகு, பிரெஞ்சு நிர்வாகம் வேகமாகக் கல்வி நிலையங்களைத் தொடங்கியது. 1823இல் மருத்துவப் பள்ளி வந்தது. ஆளுநர் தெபஸ்ஸேன் தெ ரிஷ்மோன் காலத்தில், 1826இல், கொலேழ் ரொயால் திறக்கப்பட்டது. அதுவே பின்னாளில் கொலேழ் கொலோனியால் ஆகி, இன்று லிசே பிரான்சே என்ற பெயரில் நடக்கிறது. 1827இல் பொது நூலகம். 1838இல் சட்டக் கல்வி. பதினைந்து ஆண்டுக்குள் இவ்வளவும் ஒரு சிறிய ஊரில் நடந்தது என்பதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் இந்தப் படிப்புகளின் உச்சியில் நின்றது பிரான்ஸ் வகுத்த பாக்கலோரேயா என்ற பள்ளியிறுதித் தேர்வு. அதன் பாடத்திட்டம் பாரிஸில் முடிவாயிற்று. அதற்கேற்ற புத்தகங்கள் கப்பலில் வந்தன. சட்டம் படித்தவர் படித்தது பிரெஞ்சுச் சட்டத் தொகுப்பை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கலவை சுப்பராயச் செட்டியாரின் கொடையில் எழுந்த கலவைக் கல்லூரி, ஊர்க்காரர் ஒருவரின் பணத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்காக உருவானது. பாரதிதாசன் அங்கே படித்தவர். 1909 முதல் 1946 வரை பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்தவர். பணம் உள்ளூர்ப் பணம், ஆசிரியர் உள்ளூர்க் கவிஞர். மாணவனின் எதிர்காலத்தைத் தீர்மானித்த தேர்வு மட்டும் அந்தக் காலத்தில் உள்ளூர்த் தேர்வாக இருக்கவில்லை.

இதே ஊரில், இதே ஆண்டுகளில், நேர்மாறான ஒரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணிச் சபையின் குருக்கள் 1840களின் தொடக்கத்தில் மிஷன் அச்சகத்தை நிறுவினார்கள். 1843இல் வீரமாமுனிவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் அங்கே அச்சானது. 1851 முதல் 1853 வரை மூன்று தொகுதிகளாக அவர் இயற்றிய தேம்பாவணி முதன்முறையாக அச்சேறியதும் அங்கேதான். சுவடியில் மட்டுமே இருந்த காப்பியம் நூறாண்டுக்கு மேல் கழிந்து புத்தகமானது. முஸ்ஸே, துய்ப்பூய் என்ற இரு குருக்கள் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855இலும் 1862இலும் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அடுத்தடுத்த பதிப்புகள் வந்து, இருபதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பயன் இருந்தது. இந்தத் துய்ப்பூய்தான் 1844இல் கன்னியர் சபை ஒன்றை நிறுவிப் பெண்பிள்ளைகளின் கல்விக்கு வழி செய்தவர். இவையெல்லாம் மறைப்பணிக்கான கருவிகள்தானே, பாடநூல் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நோக்கம் மறைப்பணி என்பது உண்மை. ஆனால் புதிதாக வந்திறங்கிய ஒருவர் ஒரு மொழியை அடிப்படையிலிருந்து கற்று, சில மாதங்களில் அதைப் பயன்படுத்த வேண்டும் என்ற தேவைக்கு எழுதப்பட்ட புத்தகம் பாடநூல் இல்லையென்றால் வேறு எது பாடநூல்? கற்பவருக்கு என்ன தெரியாது என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் அவற்றைத் தொகுத்தார்கள். பாரிஸில் எவரும் இதில் வினாத்தாள் போடப்போவதில்லை. வெளியிலிருந்து ஒரு பட்டியல் வரும் என்று காத்திருக்கத் தேவையில்லாததால் வேலை ஊரிலேயே நடந்தது.

தேர்வும் புத்தகமும் ஒரே கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதைப் பார்க்கப் பாக் நீரிணையைத் தாண்ட வேண்டும். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவ வகுப்பு நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் தேர்ந்தவர்கள் அரசு வேலை தேடி வெளியூர் போனார்கள்; கிராமத்துக்கு மருத்துவர் மிஞ்சவில்லை. 1860களில் அவர் தமிழுக்கு மாறினார். அதற்குப் புத்தகம் வேண்டும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அன்று பயன்பட்ட நூல்களிலிருந்து ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தார்: கட்டரின் உடற்கூற்று நூல், மான்செலின் மகப்பேற்று மருத்துவம், ட்ருயிட்டின் அறுவை மருத்துவம், கிரேயின் உடற்கூற்றியல், வெல்ஸின் வேதியியல். மாணவர்களையும் கூட்டாளிகளாக வைத்துக்கொண்டு அவற்றைத் தமிழாக்கி அச்சிட்டார். கலைச்சொற்களுக்குத் தனிப் பட்டியல்களே உருவாயின. அவர் 1873இல் ஊர் திரும்பிய பிறகு அந்த முயற்சி நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்; அரசு அங்கீகாரம் ஆங்கிலத்தின் பக்கமே நின்றது. இருந்தாலும் புதுச்சேரி மருத்துவப் பள்ளியோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. மானிப்பாயைவிடப் பழைய பள்ளி அது. அரசின் ஆதரவும் பெற்றது. ஆயினும் ஒரு தமிழ் மருத்துவ நூல் வரிசையை உண்டாக்க வேண்டிய கட்டாயம் அதற்கு வரவே இல்லை. மருத்துவர் எங்கே வேலை செய்யப்போகிறார், யாரோடு எந்த மொழியில் பேசப்போகிறார் என்ற கேள்வியிலிருந்து கிரீன் தொடங்கினார். புதுச்சேரியில் அந்தக் கேள்விக்கு முன்பே விடை எழுதப்பட்டிருந்தது.

1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. 1956 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டில் சட்டப்படி முழுமை பெற்றது. மக்களின் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாகத் தொடரும் என்று ஒப்பந்தம் சொன்னது. கல்வி நிலையங்களைப் பற்றியும் பேசியது. நிர்வாகம் மாறிய வேகத்தில் பாடநூலின் ஊற்றும் மாறியது. ஊர் மட்டும் மீண்டும் வாங்கும் இடத்திலேயே நின்றது. 1961இல் தொடங்கிய தாகூர் கலைக் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பள்ளிகளில் நிலைமை இன்னும் விசித்திரம். தனக்கென ஒரு தேர்வு வாரியம் இல்லாத ஒன்றியப் பகுதியில், புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடநூலைப் படித்தன, மாஹே கேரளத்துப் புத்தகத்தை, ஏனாம் ஆந்திரப் புத்தகத்தை. லிசே பிரான்சேயில் இன்றும் பாக்கலோரேயா நடக்கிறது. 2023–24 கல்வியாண்டில் தொடங்கி அரசுப் பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துக்கு (சிபிஎஸ்இ) மாறின. ஆக இப்போது டெல்லி. பாரிஸ், சென்னை, திருவனந்தபுரம், டெல்லி என்று எந்த ஊரின் பெயரை எழுதினாலும் அந்த இடத்தில் பொருந்துகிறது. 1985இல் புதுவைப் பல்கலைக்கழகம் வந்தது. கல்லூரித் தேர்வு முதல்முறையாக ஊருக்குள் வந்தது அப்போதுதான். 1984இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி 2020இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமானது. அதாவது, லினக்ஸ் பாடத்துக்கு எந்தப் புத்தகம் என்று முடிவு செய்யும் அதிகாரம் இன்று உண்மையிலேயே ஊருக்குள் இருக்கிறது. பழக்கம் மட்டும் பழையபடியே இருந்துவிடக் கூடும்.

கணினிப் பாடத்தில் இந்த வெளியூர்ச் சார்பு என்ன செய்தது என்பதைப் பள்ளிப் புத்தகங்களில் பார்க்கலாம். கேரளம் 2001இல் பள்ளிகளுக்கான தகவல் தொழில்நுட்பத் திட்டத்தைத் தொடங்கி, சில ஆண்டுகளில் அதைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. பத்தாம் வகுப்பு மாணவர் குனு/லினக்ஸ் கணினியில் செய்முறைத் தேர்வு எழுதும் முறை வந்தது. தமிழ்நாட்டில் 2000களின் நடுவில் வந்த மேல்நிலைக் கணினி அறிவியல் நூலின் முதல் தொகுதி சன் நிறுவனத்தின் ஸ்டார் ஆபிஸை மையமாக வைத்து எழுதப்பட்டது. ஆகவே ஒரே அரசின் கீழ் இருந்த இரண்டு ஊர்களில், மாஹே பின்பற்றிய பாடத்திட்டம் லினக்ஸை நோக்கிப் போனபோது, புதுச்சேரியின் பாடத்திட்டம் ஸ்டார் ஆபிஸின் மெனுக்களை நோக்கிப் போனது. எது நல்லது என்று புதுச்சேரியில் எவரும் கூடி முடிவெடுக்கவில்லை. எல்லை எங்கே ஓடுகிறது என்பதே முடிவெடுத்தது. ஸ்டார் ஆபிஸ் பின்னர் சந்தையிலிருந்தே மறைந்தது. 2018இல் தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்பு நூல் விண்டோஸோடு உபுண்டு லினக்ஸையும் சேர்த்தது, தமிழ்வழியிலும் வந்தது. அதைப் படித்தவர்கள் ஒரு லினக்ஸ் திரையைத் தமிழ் விளக்கத்தோடு பார்த்துவிட்டுக் கல்லூரிக்குள் வந்தார்கள். நல்ல மாற்றம். ஆனால் அதுவும் சென்னையில் எடுக்கப்பட்ட முடிவு.

லினக்ஸின் சொந்த வரலாறே பாடநூல் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியிலிருந்து பிறந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் 1976–77இல், லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பின் மையக்கரு (கெர்னல்) மூல நிரலை அச்சிட்டு, அதற்கு வரிவரியாக விளக்கம் எழுதித் தன் மாணவர்களுக்குக் கொடுத்தார். வகுப்புக்காக ஆசிரியர் ஒருவர் உள்ளூரிலேயே செய்த பாடநூல் அது. ஏழாம் பதிப்பு வந்தபோது, மூல நிரலை வகுப்பில் பயன்படுத்த உரிமம் இடம்கொடுக்கவில்லை. பிறகு பல ஆண்டுகள் லயன்ஸின் நூல் உலகெங்கும் ஜெராக்ஸ் பிரதியாக ஓடியது. முறையாக அச்சானது 1996இல். அந்தத் தடையால் வந்த வெற்றிடத்தை நிரப்ப, ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம் தானே மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தை எழுதி, 1987இல் பாடநூலோடு சேர்த்து வெளியிட்டார். ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த நூலைப் படித்தார், மினிக்ஸை வாங்கி நிறுவினார். அதன் உரிமமும் திருத்தி வெளியிடும் சுதந்திரத்தை அப்போது தரவில்லை. 1991 ஆகஸ்டில் அவர் தன் சொந்த முயற்சியை அறிவித்தார். வகுப்பறையில் ஆசிரியருக்குத் திருத்தும் உரிமை இல்லாமல் போனதன் விளைவாக வந்த ஒரு பொருளைக் கற்பிக்க, திருத்த உரிமை இல்லாத புத்தகத்தைக் கைநீட்டி வாங்குவது பொருந்தாது என்று சொல்வது இதனால்தான்.

இந்தியாவில் லினக்ஸ் பரவியதும் முதலில் கல்லூரி வழியாக அல்ல. பிசி குவெஸ்ட் என்ற கணினி இதழ் 1996இலிருந்து தன் பிரதிகளோடு லினக்ஸ் குறுவட்டு தந்தது. இணையம் மெதுவாகவும் விலையாகவும் இருந்த காலத்தில் அதுவே பலருக்கு வாசல். கல்லூரிப் பட்டியல்களில் அப்போது இருந்தவை யுனிக்ஸ் நூல்கள்: மாரிஸ் பாக் 1986இல் எழுதிய இயங்குதள வடிவமைப்பு நூல், சுமிதாப தாஸின் யுனிக்ஸ் நூல், யஷவந்த் கனேட்கரின் ஷெல் புரோகிராமிங். தாஸின் நூல் இந்திய மாணவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, விலையும் எட்டும்படி இருந்தது. அதில் படித்து வேலைக்குப் போனவர்கள் பலர். அதன் நான்காம் பதிப்பு 2006இல் வந்தது. அதற்குப் பிறகு லினக்ஸில் நடந்ததைப் பாருங்கள். கணினி தொடங்கும் முறையையே மாற்றிய சிஸ்டம்டி 2010இல் வந்து, 2015இல் லினக்ஸ் வழங்கல்களான டெபியன் 8இலும் உபுண்டு 15.04இலும் குடியேறியது. பிணைய முகவரியைப் பார்க்க பழைய நூல்கள் பலவும் சொல்லும் இஃப்கான்ஃபிக் கட்டளை 2017இல் வந்த டெபியன் 9 முதல் தானாக நிறுவப்படுவதில்லை. புத்தகத்தில் உள்ளதை அப்படியே தட்டிய மாணவருக்குக் கட்டளை கிடைக்கவில்லை என்று திரை சொல்லும். தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொள்வார். தொடக்க வகுப்பில் இது பெரிய கேடு. மறுபக்கம், கட்டளைகளை இணைக்கும் பைப் (1973இல் யுனிக்ஸில் நுழைந்தது), கோப்பு அனுமதிகள், கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லின் அடிப்படை ஆகியவை அப்படியே இருக்கின்றன. கெர்னிகனும் பைக்கும் 1984இல் எழுதிய நூலை இன்றும் கையில் எடுத்து உட்காரலாம். நிலைத்து நிற்பது எது, ஐந்தாண்டில் மாறுவது எது என்று பிரித்துக் காட்டுகிறதா என்பதே நல்ல தொடக்கப் பாடநூலுக்கு நான் வைக்கும் முதல் சோதனை. இரண்டாவது, மாறும் பகுதியை ஆசிரியர் தானே புதுப்பிக்க முடியுமா என்பது.

இரண்டாவது சோதனையில் பலரும் ஏமாறுவார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நூலெல்லாம் திருத்தக்கூடிய நூல் இல்லை. வில்லியம் ஷாட்ஸ் எழுதிய ‘தி லினக்ஸ் கமாண்ட் லைன்’ டெர்மினலைத் தொட்டறியாதவரையும் பொறுமையாகக் கைபிடித்து நடத்தும் அருமையான நூல். பதிவிறக்கிப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் அதன் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் மாற்றி வெளியிட இடம் தராது. அனுமதி வாங்காமல் தமிழாக்கவும் முடியாது. மாக்டெல்ட் காரல்ஸின் லினக்ஸ் அறிமுக நூல் குனு ஆவண உரிமத்தில் இருப்பதால் திருத்தலாம், தமிழாக்கலாம், ஆனால் வயதாகிவிட்டது. தமிழில் 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழின் வழியாக து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் குனு/லினக்ஸ்’ வந்தது. பகிரவும் திருத்தவும் உரிமம் உண்டு, ஆசிரியர் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் மீண்டும் வெளியிட வேண்டும் என்பதே நிபந்தனை. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டியூடோரியல் பாடங்கள் தமிழ்க் குரலிலும் இருக்கின்றன. புதுச்சேரியிலேயே கட்டற்ற மென்பொருள், வன்பொருள் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் பயிற்சிகள் நடத்துகிறார்கள். ஆக, சரக்கு ஊருக்கு அருகிலேயே கிடக்கிறது.

மறுப்புகள் வலுவானவை. முதலாவது, தரம். வெளியில் அங்கீகாரம் பெற்ற புத்தகத்தைப் படித்தால்தான் பட்டத்துக்கு வெளியில் மதிப்பு. பாரிஸ் தேர்வை எழுதிய புதுச்சேரிக்காரர் இந்தோசீனாவரை வேலைக்குப் போனதில் அந்தத் தேர்வின் பொதுத்தன்மைக்கும் பங்கு உண்டு. இதை மறுக்க முடியாது. ஆனால் லினக்ஸில் அந்தப் பொதுத்தரம் புத்தகத்தில் இல்லை, கணினிக்குள் இருக்கிறது. கட்டளை சரியாக ஓடுகிறதா இல்லையா என்பதைச் சென்னையிலும் ஹெல்சிங்கியிலும் ஒரே ஷெல்தான் சொல்லும். கட்டளைகளின் கையேடான மேன் பக்கங்களும் ஒரே பதிப்பு உள்ள எல்லாக் கணினியிலும் ஒன்றே. இரண்டாவது, உள்ளூரில் தொகுத்த நூலில் பிழை மலியும், கடைசியில் அது கைடு புத்தகமாகச் சரிந்துவிடும். இந்த அச்சம் நியாயமானது. உள்ளூர்க் கைடுகளின் தரத்தைப் பார்த்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். அதனால்தான் முழு நூலை முதலிலிருந்து எழுதச் சொல்லவில்லை. ஷாட்ஸின் நூலை மாற்றாமல் முதன்மை வாசிப்பாக வைத்து, திருத்தக்கூடிய தமிழ்த் துணைநூல் ஒன்றை ஆசிரியர்கள் ஆண்டுதோறும் புதுப்பித்தால் போதும். பிழையை மாணவரே கண்டு திருத்தி அனுப்ப முடியும் என்பது அச்சிட்ட கைடுக்கு இல்லாத வசதி. மூன்றாவது, வேலைக்கு ஆங்கிலம் வேண்டும், தமிழில் படித்தால் பின்தங்குவார்கள் என்பது. கட்டளைகள் ஆங்கிலத்திலேயே இருக்கும், மேன் பக்கமும் ஆங்கிலத்திலேயே. அவற்றைப் படிக்கப் பழக்குவதே பாடத்தின் பாதி வேலை. விளக்கம் மட்டும் மாணவர் யோசிக்கும் மொழியில் இருந்தால் அந்தப் பக்கங்களுக்குள் அவர் பயமில்லாமல் நுழைவார்.

அந்தத் துணைநூலில் வர வேண்டியவற்றுக்கு ஒரு மாதிரி சொல்கிறேன், ஏனென்றால் வெளியூர்ப் புத்தகத்தில் இது வராது. ‘தமிழ்’ என்ற சொல்லை வரிமுடிவு இல்லாமல் ஒரு கோப்பில் சேமித்து, எண்ணும் கட்டளையான டபிள்யுசியிடம் கொடுத்தால், யூனிகோடின் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 15 பைட் என்றும் 5 குறியீடு என்றும் சொல்லும். பள்ளியில் நாம் கற்ற கணக்கில் அது மூன்றே எழுத்து. ஆங்கில நூலின் எடுத்துக்காட்டுகளில் பைட்டும் எழுத்தும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அந்த வேறுபாட்டை அவை தாண்டிப் போய்விடும். அடுத்து, ஊர்ப் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தமிழில் எழுதி, வரிசைப்படுத்தும் கட்டளையான சார்ட்டுக்குக் கொடுக்கச் சொல்லலாம். மொழியமைப்பு எதுவும் இல்லாத சி லொகேலில் அது யூனிகோடு எண் வரிசையைப் பின்பற்றும். அதில் ‘ன’ ‘ந’வுக்கு அடுத்தும் ‘ப’வுக்கு முன்னாலும் வந்து நிற்கும். தமிழ் லொகேலை அமைத்து மறுபடி ஓட்டினால் ‘ன’ தன் இடத்துக்கு, ‘ற’வுக்குப் பின்னால், போகும். லொகேல், சூழல் மாறி, குறியாக்கம், பைட் ஆகிய நான்கையும் இந்த ஒரு பயிற்சியில் மாணவர் தொட்டுவிடுகிறார். புதுச்சேரியின் லாஸ்பேட்டையிலோ காலாப்பட்டிலோ பாடம் எடுக்கும் ஆசிரியர் ஒருவர் இதை அரை மணி நேரத்தில் எழுதிவிடலாம். பாடத்திட்டத்தின் கடைசி வரியில் அதற்கு இடம் தரும் முடிவைப் பல்கலைக்கழகப் பாடக்குழு எடுக்கலாம். வேறு எந்த ஊரின் கையொப்பமும் அதற்குத் தேவையில்லை.